எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

அமெரிக்காவில் வீட்டுப் பள்ளி நடத்தும் குடும்பங்களுக்கு மார்ச் முதல் ஜூன் வரை புத்தகம் வாங்கும் காலம். பெரிய ஊர்களில் மாநாடு நடக்கும். பதிப்பகங்கள் வரிசையாகக் கடை போட்டிருக்கும். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு தாய்மார் மேசை மேசையாகப் போவார்கள். டெக்சஸிலும் நியூஜெர்சியிலும் உள்ள தமிழ்ச் சபைகளில், ஆராதனை முடிந்து காபி குடிக்கிற நேரத்திலும் அந்த மாதங்களில் இதே பேச்சுதான். "அக்கா, உங்க பெரியவளுக்கு அபேக்காதானே வாங்கினீங்க? எங்க சின்னவனுக்கும் அதையே வாங்கிடலாமா?" என்று ஒரு தாய் கேட்பார். பக்கத்தில் நிற்பவர், "கிறிஸ்டியன் புக்ஸ்தானே, எதுவா இருந்தா என்ன?" என்பார்.

கேட்பவர்களுக்கு உள்ளத்தில் பாரம் உண்டு. பிள்ளை நன்றாகப் படிக்கவும் வேண்டும், கர்த்தருக்குப் பயந்து வளரவும் வேண்டும். அமெரிக்கக் கல்வித் துறை 2019-ல் எடுத்த கணக்கில், பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கும் பெற்றோரில் 59 சதவீதம் பேர் சமயக் கல்வியை ஒரு காரணமாகச் சொன்னார்கள். பள்ளிச் சூழலைப் பற்றிய கவலையைச் சொன்னவர்கள் 80 சதவீதம். அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வீட்டுப் பள்ளி நடத்துபவை 2020 வசந்தத்தில் 5.4 சதவீதமாக இருந்தன. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் 11.1 சதவீதமாயின என்கிறது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம். அப்படிப் புதிதாக வந்தவர்களில் பலருக்கு வழி சொல்ல ஆள் இல்லை. காதில் விழுந்ததை நம்பித்தான் வாங்கினார்கள்.

'கிறிஸ்தவ' என்ற அடைமொழி, எழுதியவர் எந்த நம்பிக்கையில் நின்று எழுதினார் என்பதை மட்டுமே சொல்லும். அந்தப் புத்தகம் கணக்கை ஒழுங்காகச் சொல்லித் தருகிறதா, ஆறு வயதுப் பிள்ளை அதைத் தாங்குமா, பதினைந்து வயதில் அது போதுமா என்பதையெல்லாம் தாயும் தகப்பனும்தான் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அடிக்கடி கேட்கும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"கிறிஸ்தவப் பாடத்திட்டம் எல்லாம் ஒன்றுதான்"

ஒன்றல்ல. சபைகளுக்குள் எத்தனை வேறுபாடு உண்டோ, அத்தனையும் இந்தப் புத்தகங்களிலும் உண்டு.

அபேக்கா 1972-ல் புளோரிடாவின் பென்சகோலாவில் ஒரு பாப்டிஸ்ட் பின்னணியில் பிறந்தது. வகுப்பறைக்காக எழுதப்பட்ட புத்தகங்கள். மனப்பாடம், திரும்பத் திரும்பப் பயிற்சி, அடிக்கடி தேர்வு. நம் ஊர் மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்த பெற்றோருக்கு அது உடனே பிடித்துப்போகும். தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதைவிடச் சற்று நிதானமாக, ஏன் எப்படி என்று கேட்டுப் போகும். டெக்சஸில் 1970-ல் தொடங்கிய ஏ.சி.இ., ஒவ்வொரு பாடத்தையும் ஆண்டுக்குப் பன்னிரண்டு சிறு கையேடுகளாகப் பிரித்துவிடும்; பிள்ளை தானே படித்து, தானே விடை சரிபார்த்து, அடுத்ததற்குப் போக வேண்டும். கொலராடோவிலிருந்து வரும் சன்லைட்டில் பாடநூல் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கதைப் புத்தகங்களும் வாழ்க்கை வரலாறுகளும் ஒரு பெட்டி நிறைய வரும், கூடவே எந்த நாளில் எத்தனை பக்கம் என்ற அட்டவணையும்.

கென்டக்கியின் ராட் அண்ட் ஸ்டாஃப், வர்ஜீனியாவின் கிறிஸ்டியன் லைட் இரண்டும் மெனோனைட் சபையாரின் வெளியீடுகள். ஆங்கில இலக்கணத்துக்கு ராட் அண்ட் ஸ்டாஃபை விஞ்ச அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் போரை மறுப்பதும் எளிமையான உடையும் அந்தச் சபையாரின் வாழ்க்கைமுறை. உதாரண வாக்கியங்களிலும் படங்களிலும் அது தெரியும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வர்ஜீனியாவில் சீட்டன் இருக்கிறது.

இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கினால் என்ன ஆகும்? சீர்திருத்தச் சபை மரபில் எழுதப்பட்ட பழைய வரலாற்றுப் புத்தகங்கள் சில, கத்தோலிக்கத் திருச்சபையை வழிதவறிய சபையாகவே பேசும். வேளாங்கண்ணிக்கு நடந்து போன பாட்டி உள்ள வீட்டில், பத்து வயதுப் பெண் அதை வாசித்துவிட்டு, "பாட்டி கிறிஸ்டியன் இல்லையாம்மா?" என்று கேட்பாள். அதனால் எந்த வரலாற்றுப் புத்தகமானாலும் வாங்குவதற்கு முன் மூன்று அத்தியாயங்களை நீங்களே வாசியுங்கள்: இந்தியாவைப் பற்றியது, கத்தோலிக்கரைப் பற்றியது, அமெரிக்க அடிமை முறையைப் பற்றியது. மற்றவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எப்படிப் பேசுகிறது என்பது இந்த மூன்றிலேயே தெரிந்துவிடும். பல பதிப்பகங்கள் மாதிரிப் பக்கங்களை இலவசமாகத் தருகின்றன. கேட்ட அத்தியாயம் மாதிரியில் இல்லையென்றால், மாநாட்டுக் கடையில் நின்று புரட்டிப் பார்க்கலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

"புத்தகத்தில் போட்டிருக்கும் வகுப்புதான் பிள்ளையின் வகுப்பு"

அதிகமாகப் பணமும் கண்ணீரும் வீணாவது இந்த நம்பிக்கையால்தான்.

அட்டையில் அச்சிட்ட எண் அந்தப் பதிப்பகத்தின் வரிசை எண், அவ்வளவே. ஒரு நிறுவனத்தின் இரண்டாம் வகுப்புக் கணக்கு இன்னொன்றின் மூன்றாம் வகுப்பாக இருக்கலாம். அபேக்கா பொதுவாக முந்தி ஓடும். அதன் வழக்கமான பாதையில் பிள்ளைகள் கிண்டர்கார்டனிலேயே கூட்டெழுத்து எழுதப் பழகுவார்கள். மேத்-யூ-சீ என்ற கணக்குத் தொகுப்பு வகுப்பு எண்ணையே விட்டுவிட்டு, ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்துகளால் நிலைகளைக் குறிக்கிறது. பத்து வயதுப் பையன் இரண்டாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கினாலும் அவனுக்கு அவமானமாக இருக்காது. சாக்சன் கணக்கு, ஏ.சி.இ. போன்றவை நிலை அறியும் தேர்வுகளைத் தருகின்றன. அவற்றை எழுதவைக்காமல் வாங்கக் கூடாது. ஒரே பிள்ளை கணக்கில் நான்காம் வகுப்பிலும், வாசிப்பில் ஆறாம் வகுப்பிலும், எழுத்துக்கூட்டுவதில் இரண்டாம் வகுப்பிலும் இருப்பது சாதாரணம். வீட்டில் படிப்பதன் பெரிய நன்மையே அப்படி இருக்க முடிவதுதான்.

மூன்று வயது முதல் ஆறு வரை உள்ள பிள்ளைக்குப் பெட்டி நிறையப் பயிற்சி நூல் தேவையில்லை. இதைச் சொன்னால் நம் தாய்மார் திகைத்துப் போகிறார்கள். சென்னையில் எல்.கே.ஜி. பிள்ளை மூன்று நோட்டு எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா? இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் ஆசிரியைகளைப் பயிற்றுவித்த சார்லட் மேசன் (1842-1923) ஆறு வயதுக்குமுன் முறையான பாடமே வேண்டாம் என்றார். அவரும் ஆழ்ந்த விசுவாசி. பிறகும் சிறு பிள்ளைக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது அவர் வைத்த அளவு. அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ரேமண்ட் மூர், டோரதி மூர் தம்பதியர் 1975-ல் எழுதிய புத்தகத்தில் முறையான பள்ளிப்படிப்பைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். கிறிஸ்தவ வீட்டுப் பள்ளிகள் பெருகியதில் அவர்களுடைய பங்கு பெரியது. அவ்வளவு தூரம் தள்ளிப்போட வேண்டுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஐந்து வயதிலேயே எழுத்தைத் தேடி வரும் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வயதுக்கு வேண்டியவை படங்களுள்ள ஒரு நல்ல வேதாகமக் கதைப் புத்தகம், எண்ணுவதற்குப் புளியங்கொட்டையோ பொத்தானோ, நூலக அட்டை, வெளியில் விளையாட நேரம், மடியில் உட்காரவைத்து வாசிக்க ஓர் ஆள். வாங்கியே ஆக வேண்டும் என்றால், எழுத்தொலி முறையில் வாசிக்கக் கற்றுத்தரும் ஒரு தொகுப்பு போதும். எழுத்தையும் ஒலியையும் ஒழுங்குமுறையாக இணைத்துக் கற்பிப்பது பலன் தருகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. இந்த ஒன்றில் அபேக்கா போன்ற பழைய கிறிஸ்தவப் பதிப்பகங்கள் தொடக்கத்திலிருந்தே சரியான வழியில் இருந்தன.

ஏழு முதல் பத்து வரை மனப்பாடம் இனிக்கும் வயது. வாய்பாடு, சங்கீதம், மனன வசனம், கண்டங்களின் பெயர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். எழுதச் சொன்னால்தான் கை வலிக்கும். மேசனின் முறையில் அந்த வயதில் கட்டுரை கிடையாது. ஒரு முறை வாசித்துக் காட்டியதைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்புவதைவிட அது கடினம் என்பது உங்கள் பிள்ளையிடம் ஒரு நாள் கேட்டுப் பார்த்தால் புரியும்.

பதினொன்று தாண்டினால் எதற்கும் எதிர்க்கேள்வி. ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1947-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய ஒரு சொற்பொழிவில், அந்த வயதின் வாதாடும் குணத்தைத் தர்க்கம் கற்பிக்கவே பயன்படுத்தலாம் என்றார். இன்றைய செவ்வியல் முறைப் பாடத்திட்டங்கள் பலவற்றுக்கு வேர் அந்தப் பேச்சு. ஆகவே இந்த வயதுக்கு வாங்கும் புத்தகம் கேள்வி கேட்க இடம் தர வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் விடையை மட்டும் ஊட்டும் புத்தகம் எட்டு வயதுக்குச் சரி, பன்னிரண்டுக்கு ஆகாது. பதினான்குக்கு மேல் பிள்ளையைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். இரண்டு மாதிரிப் பாடங்களை முன்னால் வைத்து, எது புரிகிறது என்று கேளுங்கள். உட்கார்ந்து படிக்கப்போவது அவர்கள்தான்.

"மூன்று பிள்ளை என்றால் மூன்று பெட்டி"

கணக்கும் வாசிப்பும் அவரவர் நிலைக்கு ஏற்பத் தனித்தனியே வேண்டும். வேதபாடம், வரலாறு, அறிவியல், இசை, ஓவியம் இவற்றுக்கு ஒரே புத்தகம், ஒரே மேசை போதும். மை ஃபாதர்ஸ் வேர்ல்ட் போன்ற தொகுப்புகள் ஏறத்தாழ இரண்டாம் வகுப்பு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகள் சேர்ந்து படிக்கும்படியே அமைக்கப்பட்டவை. அப்போலோஜியாவின் தொடக்கநிலை அறிவியல் நூல்கள் ஆண்டுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளும்: ஓராண்டு வானியல், ஓராண்டு தாவரங்கள், ஓராண்டு பறப்பவை. ஆறு வயதும் பதினொரு வயதும் ஒரே நாளில் ஒரே பூவைப் பிரித்துப் பார்ப்பார்கள். சிறியவன் வரைவான், பெரியவள் பாகங்களுக்குப் பெயர் எழுதுவாள்.

ஒரு நாள் காலை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஒய்வாம் பதிப்பகம் வெளியிடும் மிஷனரி வாழ்க்கை வரலாற்று வரிசை கிறிஸ்தவ வீட்டுப் பள்ளிகளில் மிகப் பிரபலம். சன்லைட் உள்படப் பல தொகுப்புகளில் அதிலிருந்து புத்தகங்கள் வரும். அதில் ஏமி கார்மைக்கேல் உண்டு, வேலூரின் ஐடா ஸ்கடரும் உண்டு. தாய் ஏமியின் கதையில் ஓர் அத்தியாயம் வாசிக்கிறார். அயர்லாந்துச் சிறுமி தன் பழுப்புக் கண்களை நீலமாக்கும்படி இரவில் ஜெபித்ததும், காலையில் கண்ணாடியில் பார்த்து ஏமாந்ததும், பல ஆண்டுகள் கழித்துத் தென்னிந்தியாவில் சேலை உடுத்திச் சாயம் பூசி நடந்தபோது அந்தப் பழுப்புக் கண்களே அவருக்கு உதவியதும் கதையில் வரும். ஆறு வயதுப் பையன் கேட்டுக்கொண்டே ஒரு கண்ணை வரைகிறான். ஒன்பது வயதுப் பெண் கதையைத் திருப்பிச் சொல்கிறாள். பதின்மூன்று வயதுக்காரன் வரைபடத்தில் ஏமி வாழ்ந்த டோனாவூரைத் தேடிப் பிடித்து, 1895-ல் இந்தியா வந்த ஒருவர் 1951-ல் இறக்கும்வரை ஊர் திரும்பாதது ஏன் என்று ஒரு பக்கம் எழுதுகிறான். முக்கால் மணி நேரம், ஒரு புத்தகம், மூன்று வயது. அமெரிக்கப் பிள்ளைக்கு டோனாவூர் தொலைதூரப் பெயர். பாளையங்கோட்டையில் ஆச்சி இருக்கும் பிள்ளைக்கு அது அடுத்த விடுமுறையில் காரில் போய்ப் பார்க்கும் ஊர்.

இங்கே ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த மிஷனரி வரலாறுகளில் இந்தியா பெரும்பாலும் இருளில் கிடக்கும் நாடாக, மீட்க வந்த வெள்ளைக்காரரின் பின்திரையாக மட்டுமே வரும். நம் பிள்ளை அதை மட்டும் வாசித்து வளரக் கூடாது. தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரை (1774-1864) எந்தப் பெட்டியும் தராது. 'மோட்சப் பிரயாணம்' பல தொகுப்புகளில் இருக்கும். அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை தமிழில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று ஒரு காப்பியமே செய்தார் என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானதும் அப்படித்தான். இவற்றைச் சேர்ப்பது நம் வேலை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதி முடித்தால் தீர்ந்துபோகும் பயிற்சி நூல்கள் அடுத்த பிள்ளைக்கு உதவாது. அவற்றை நகலெடுக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிப்பதில்லை. வாசிக்கும் புத்தகங்களை வைத்திருக்கலாம், விற்கலாம். மேசன் முறையைப் பின்பற்றும் ஆம்பிள்சைட் ஆன்லைன், அன்றாடப் பாடம் தரும் ஈஸி பீஸி இரண்டும் இலவசம். விலை கூடியது சிறந்தது என்று ஒரு விதியும் இல்லை.

"வீட்டில் படித்தால் மதிப்பெண் தானாக உயரும்"

மாநாட்டு மேடைகளில் அடிக்கடி கேட்கும் சொல் இது. பெரும்பாலும் ஆதாரமாகக் காட்டப்படுவது 1999-ல் லாரன்ஸ் ரட்னர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு. அவர்களுடைய மதிப்பெண்கள் உண்மையாகவே உயர்ந்திருந்தன. ஆனால் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் பாப் ஜோன்ஸ் பதிப்பகத்தின் தேர்வுச் சேவைக்குப் பணம் கட்டித் தேர்வு எழுதியவர்கள். அக்கறையும் வசதியும் உள்ள பெற்றோரின் பிள்ளைகள். வீட்டுப் பள்ளிதான் காரணம் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது என்று ரட்னரே எச்சரித்திருந்தார். மேடையில் அந்த எச்சரிக்கை வருவதில்லை. புத்தகத்தின் பெயர் மதிப்பெண் வாங்கித் தராது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, தவறைத் திருத்தி, மறுநாளும் அதைக் கேட்கும் ஆள் வேண்டும். கணக்கில் தனக்கு வராது என்று தெரிந்த தாய், அதற்குமட்டும் காணொளிப் பாடமோ டியூஷனோ வைத்துக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை.

"புத்தகம் கிறிஸ்தவமாக இருந்தால் பிள்ளையின் விசுவாசம் பத்திரம்"

இதை நம்ப எல்லாருக்கும் ஆசை. பணம் கொடுத்தால் கிடைக்கும் என்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்?

பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றி உபாகமம் ஆறாம் அதிகாரம் சொல்வதைக் கவனியுங்கள். வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பேச வேண்டும் என்கிறது. பேச்சைப் பெற்றோரின் வாயில் வைக்கிறது. பயிற்சி நூலில் கோடிட்ட இடத்தில் 'நோவா' என்று நிரப்பி, பத்துக்குப் பத்து வாங்கும் பிள்ளைக்கு வேதாகமம் இன்னொரு பாடமாகிவிடுகிறது. பாடம் என்றால் முடிந்ததும் மூடி வைப்பதுதானே. மதிப்பெண் போடாத ஒரு வேத நேரம் வீட்டில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் அது ஏற்கெனவே உண்டு: மாலைக் குடும்ப ஜெபம். தாத்தா பாய் விரித்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வசனமாகத் தமிழில் வாசிக்கச் சொன்ன அந்த அரைமணி நேரத்துக்கு ஈடாக ஒரு பதிப்பகமும் ஒன்றையும் விற்கவில்லை. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை தமிழ் எழுத்துக்கூட்டுவதற்கும் சங்கீதம் 23 நல்ல தொடக்கம். ஆறு வசனம்தான், ஊரிலுள்ள பாட்டியிடம் போனில் சொல்லிக் காட்டலாம்.

எல்லாப் பாடத்திலும் வசனம் வர வேண்டும் என்று தேடுபவர்களும் உண்டு. கூட்டல் கணக்கில் ஆப்பிளுக்குப் பதில் ஆட்டுக்குட்டி வந்தால் அது கிறிஸ்தவக் கணக்கு ஆகிவிடாது. வசனமே இல்லாத சாக்சன் கணக்கையும் சிங்கப்பூர் கணக்கையும் வைத்து எத்தனையோ விசுவாசக் குடும்பங்கள் பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கின்றன. கணக்கில் பார்க்க வேண்டியது விளக்கம் தெளிவாக இருக்கிறதா, பயிற்சி போதுமா என்பது.

பதின்ம வயதில் கேள்விகள் வரும். துன்பம் ஏன், மற்ற மதத்தார் நிலை என்ன, நம் சொந்தக்காரரில் பாதிப் பேர் இந்துக்கள், அவர்களைப் பற்றி இந்தப் புத்தகம் சொல்வது சரியா? அந்தக் கேள்விகளைப் புத்தகம் அடைத்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். உட்கார்ந்து பேசுங்கள். ஐயரிடமோ பாஸ்டரிடமோ அழைத்துப் போங்கள்.

"எந்த அறிவியல் நூலில் படித்தாலும் கல்லூரி ஏற்றுக்கொள்ளும்"

இதில்தான் பெற்றோர் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கலிபோர்னியாவில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி, அபேக்கா, பாப் ஜோன்ஸ் நூல்களை வைத்து நடத்திய உயிரியல் உள்ளிட்ட சில பாடங்களைக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் சேர்க்கைக்கான பாடங்களாக ஏற்க மறுத்தது. 2005-ல் கிறிஸ்தவப் பள்ளிகளின் சங்கம் வழக்குப் போட்டது. 2008-ல் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இந்த நூல்களில் படித்தவர்கள் கல்லூரிக்கே போக முடியாது என்பது இதன் பொருளல்ல, ஆண்டுதோறும் போகிறார்கள். ஆனால் புத்தகத் தேர்வுக்குப் பதினெட்டு வயதில் கணக்குக் கேட்கப்படலாம் என்பதற்கு இந்த வழக்கு சாட்சி.

பெரும்பாலான புராட்டஸ்டண்ட் தொகுப்புகள் பூமி சில ஆயிரம் ஆண்டுகள் பழமையானது என்ற நிலையில் நின்று எழுதப்பட்டவை. அபேக்கா, பாப் ஜோன்ஸ், ஏ.சி.இ., மாஸ்டர் புக்ஸ் எல்லாம் அந்த வரிசை. ஏ.சி.இ.யின் உயிரியல் கையேடு ஒன்று ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் விலங்கையே பரிணாமத்துக்கு எதிரான ஒரு சான்றுபோலக் காட்டியிருந்தது. பின்னாளில் அது நீக்கப்பட்டது. இப்படிப்பட்ட பக்கங்கள் பிள்ளைக்கு இரட்டைத் தீங்கு செய்கின்றன. தவறான அறிவியலைத் தருகின்றன. அது தவறு என்று பிள்ளை கண்டுபிடிக்கும் நாளில், அதே புத்தகம் சொன்ன சுவிசேஷத்தையும் சந்தேகிக்க வைக்கின்றன. நோவாரே போன்ற கிறிஸ்தவப் பதிப்பகங்கள் பூமியின் நீண்ட வயதை ஏற்று எழுதுகின்றன. கத்தோலிக்கருக்குத் திருச்சபையே இந்த விஷயத்தில் நெருக்கடி கொடுப்பதில்லை. உங்கள் நிலை எதுவாக இருந்தாலும், பதினைந்து வயதுப் பிள்ளை பரிணாமக் கோட்பாட்டை விஞ்ஞானிகள் சொல்கிறபடியே, அவர்களுடைய சான்றுகளோடு கற்றிருக்க வேண்டும். அதை மறுக்க நினைப்பவருக்கும் முதலில் அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? உயர்நிலை வகுப்புகளில் ஆய்வுக்கூடப் பயிற்சி உள்ள ஒரு பாடத்தையாவது அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் எடுக்க வைப்பது, கல்லூரித் தரத்திலான ஏ.பி. தேர்வு எழுத வைப்பது, இவை வெளியார் கொடுக்கும் சான்று. சேர்க்கை அலுவலர் அவற்றை மதிப்பார்.

'அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டம்' என்று விளம்பரத்தில் வரும்போதும் நிதானம் வேண்டும். அங்கீகாரம் பள்ளிக்கு உண்டு, புத்தகத்துக்குக் கிடையாது. ஒரு பதிப்பகத்தின் இணையப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தால் அந்தப் பள்ளியின் சான்றிதழ் கிடைக்கும். புத்தகத்தை மட்டும் வாங்கினால் கிடைக்காது. வீட்டுப் பள்ளி 50 மாநிலங்களிலும் சட்டப்படியானது, ஆனால் கேட்கப்படுவது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் 1994-ன் லீப்பர் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு வீட்டுப் பள்ளியும் தனியார் பள்ளிதான். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகிய ஐந்தும் எழுத்துவடிவப் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும், பதிவு வேண்டாம். நியூயார்க்கில் ஆண்டுத் திட்டம், காலாண்டு அறிக்கை, ஆண்டு மதிப்பீடு. பென்சில்வேனியாவில் பிள்ளையின் வேலைகளைத் தொகுத்து ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். தீத்தடுப்புப் பாதுகாப்புகூட அங்கே கட்டாயப் பாடம். சில எழுத்துப் பக்கங்களை மட்டும் தந்துவிட்டு மீதியை வாய்மொழியாக விடும் தொகுப்பு டெக்சஸில் நடக்கும், நியூயார்க்கில் அறிக்கை எழுதும்போது கை பிசைய வேண்டியிருக்கும்.

விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. திடீரென்று சென்னைக்கோ கோவைக்கோ திரும்ப நேரலாம். பதினான்கு வயதுக்குள் என்றால் பெரிய சிக்கல் இல்லை; 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் படிக்காத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. அதற்கு மேல் போனால், கல்லூரிகள் கேட்பது அங்கீகரிக்கப்பட்ட ஒரு வாரியத்தின் சான்றிதழ். அமெரிக்காவில் தாய் தகப்பன் கையெழுத்திட்டுத் தரும் டிப்ளமா அங்கே அந்த இடத்தை நிரப்பாது. என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வைப் பதினான்கு வயது நிறைந்தவர் எழுதலாம். கேம்பிரிட்ஜ் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு. ஆகவே பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆகும்போதே அந்தப் பாடத்திட்டங்களை எடுத்து, கையிலிருக்கும் கிறிஸ்தவத் தொகுப்போடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி பெரும்பாலும் கணக்கிலும் அறிவியலிலும்தான் இருக்கும். அந்த இரண்டுக்கும் வேறு நூல் வாங்கிக்கொண்டு, வரலாற்றையும் வேதபாடத்தையும் இலக்கியத்தையும் உள்ளபடியே தொடரலாம்.